பில் இருக்கிறது, ஐட்டம் இல்லை: தாய்ப் பதிவையும் சேய்ப் பதிவுகளையும் சேர்த்துச் சேமிப்பது எப்படி?

ஹார்டுவேர் கடை ஒன்றுக்கு பில் போடும் வலைச்செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் கடைக்காரர் அழைத்தார். "தம்பி, பில் இருக்கிறது. மொத்தம் 4,310 ரூபாய் என்றும் இருக்கிறது. எதை விற்றேன் என்றுதான் தெரியவில்லை" என்றார்.

போய்ப் பார்த்தேன். வாடிக்கையாளர் பெயர், தேதி, தொகை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஐட்டங்கள் வர வேண்டிய இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. பிளம்பர் ஒருவர் பிவிசி பைப், எல்போ, டீ, கேட் வால்வ், ஒரு டப்பா சொல்யூஷன் என்று ஐந்து ஐட்டம் வாங்கியிருக்கிறார். கடைப் பையன் முதல் வரியில், அளவு என்ற கட்டத்தில் "20 அடி" என்று தட்டியிருக்கிறான். அந்தக் கட்டத்தில் எண்ணை மட்டுமே என் நிரல் எதிர்பார்த்தது. "அடி" என்ற சொல்லைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிட்டது. அதற்குள் பில்லின் தலைப்பகுதி சேமிக்கப்பட்டுவிட்டது. தலை உள்ளே போனது, உடம்பு வெளியே நின்றது.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் எல்லோரும் அடிக்கணக்கில்தான் பேசுகிறார்கள். தவறு என்னுடையது. "சேமி" என்ற பொத்தானை அவன் ஒரு முறைதான் அழுத்தினான்; அவனைப் பொறுத்தவரை நடந்தது ஒரு வேலை. தரவுத்தளத்துக்கோ அது ஆறு வேலை. அந்த ஆறையும் ஒன்றாக்கித் தருவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஏன் ஆறு? பில்லை ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. ஒருவர் ஒரு ஐட்டம் வாங்குவார், இன்னொருவர் நாற்பது வாங்குவார். ஐட்டம்1, ஐட்டம்2 என்று கட்டங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் நாற்பத்தொன்றாவது ஐட்டத்துக்கு இடம் இருக்காது. ஆகவே இரண்டு அட்டவணைகள். ஒன்றில் பில்லுக்கு ஒரு பதிவு: யாருக்கு, எந்தத் தேதி, மொத்தம் எவ்வளவு. மற்றொன்றில் ஐட்டத்துக்கு ஒரு பதிவு: எந்தப் பொருள், எத்தனை, என்ன விலை, மிக முக்கியமாக, எந்த பில்லைச் சேர்ந்தது. முதலாவது தாய்ப் பதிவு, இரண்டாவது அட்டவணையில் இருப்பவை சேய்ப் பதிவுகள். சேய்ப் பதிவில் தாயின் எண்ணைத் தாங்கி நிற்கும் அந்தப் புலத்தை ஃபாரின் கீ என்பார்கள்.

தாய், சேய் என்ற சொற்களை உறவுமுறையாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஒரு பதிவு, அதன் உறுப்பினர்கள் தனித்தனிப் பதிவுகள் என்று வைத்தால், தாத்தா, அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லோருமே சேய்ப் பதிவுகள். தாய் அந்தக் கார்டுதான். யார் யாருடைய எண்ணைச் சுமக்கிறார் என்பது மட்டுமே இங்கே கணக்கு.

இந்தப் பெற்றோர், பிள்ளை என்ற பேச்சே விண்வெளித் திட்டத்தின் காலத்திலிருந்து வருவது. அப்போலோ திட்டத்தின் ராக்கெட்டுக்கான லட்சக்கணக்கான பாகங்களைக் கணக்கு வைக்க ஐபிஎம் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து ஐஎம்எஸ் என்ற தரவுத்தளத்தை 1960களில் உருவாக்கினார்கள். அதில் தகவல் மரம்போல இருக்கும். சேயைத் தொட வேண்டுமென்றால் தாயின் வழியாகத்தான் இறங்கிப் போக வேண்டும். 1970இல் அதே ஐபிஎம்மைச் சேர்ந்த எட்கர் காட் இதைத் தலைகீழாக்கினார். எல்லாம் அட்டவணைகள்; உறவு என்பது ஒரு புலத்தில் இருக்கும் மதிப்பு மட்டுமே என்றார். தாயிடம் பிள்ளைகளின் பட்டியல் கிடையாது. பிள்ளைகள் ஒவ்வொன்றும் தாயின் எண்ணை வைத்திருக்கும். இன்று நாம் படும் பாட்டுக்கும் இதுவே காரணம்.

ஏனென்றால், புதிய பில் ஒன்றைப் போடும்போது தாய்க்கு இன்னும் எண்ணே கிடையாது. பெரும்பாலான செயலிகளில் அந்த எண்ணைத் தருவது தரவுத்தளம், அதுவும் பதிவை எழுதிய பிறகு. எண் இல்லாமல் சேயை எழுத முடியாது. ஆகவே வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது: முதலில் தாய், பிறகு அது பெற்ற எண், அதன் பிறகு சேய்கள்.

"பெற்ற எண்" என்பதில் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன். தாயை எழுதிவிட்டு, "பில் அட்டவணையில் இருப்பதிலேயே பெரிய எண் எது?" என்று கேட்டு, வந்த விடையைச் சேய்களுக்குக் கொடுப்பது. தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது கச்சிதமாக ஓடும். கடையில் இரண்டு கல்லா இருந்தால், நான் எழுதியதற்கும் கேட்டதற்கும் இடையில் பக்கத்துக் கல்லாவில் ஒரு பில் விழுந்துவிடும். என் எல்போ அவருடைய பில்லில் போய் உட்காரும். எழுதிய கையோடு, செயலி தரவுத்தளத்தோடு பேசும் அதே இணைப்பிலேயே எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு எல்லாத் தரவுத்தளங்களிலும் வழி உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் எழுதும் கட்டளையின் வாலிலேயே "ரிட்டர்னிங்" என்று சேர்த்தால் எண் திரும்பி வரும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் "லாஸ்ட் இன்செர்ட் ஐடி" இருக்கிறது. அது இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால் பக்கத்துக் கல்லா குறுக்கே வராது.

வரிசை சரியாகிவிட்டது. ஆனாலும் "20 அடி" பிரச்சினை அப்படியே இருக்கிறது. தாய் எழுதப்பட்டு, சேய் எழுதும்போது தடுக்கினால் என்ன செய்வது? "பிழை வந்தால் தாயை அழித்துவிடலாமே" என்று தோன்றும். அழிக்கும் நேரத்தில் மின்சாரம் போனால்? அந்தக் கடையின் யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயலி ஓடியது கல்லாவுக்குக் கீழே இருந்த கணினியில்தான்.

இதற்குத் தரவுத்தளமே ஒரு வசதி தருகிறது. பரிவர்த்தனை என்று புத்தகங்கள் சொல்லும், டிரான்சாக்‌ஷன் என்று அலுவலகங்களில் சொல்வார்கள். "இப்போது தொடங்குகிறேன்" என்று ஒரு கட்டளை, கடைசியில் "உறுதிசெய்" என்று ஒரு கட்டளை. நடுவில் எழுதியவை எல்லாம் உறுதிசெய்யும் வரை பென்சில் எழுத்து. எங்காவது பிசகினால் "திரும்பப் பெறு" என்றால் போதும், எல்லாம் அழிந்துவிடும். சொல்வதற்கே ஆளில்லாமல் கணினி அணைந்துபோனாலும், தரவுத்தளம் மறுபடி எழுந்ததும் தன் குறிப்பேட்டைப் பார்த்து, உறுதிசெய்யப்படாததைக் கழித்துவிடும்.

அந்த பில் இப்படிப் போயிருக்க வேண்டும்:

தொடங்கு
பில் அட்டவணையில் எழுது: பிளம்பர், இன்றைய தேதி, 4,310 ரூபாய் → கிடைத்த எண் 412
ஐட்டம் அட்டவணையில் எழுது: பில் 412, பிவிசி பைப், "20 அடி" → பிழை
திரும்பப் பெறு

முடிவில் 412 என்ற பில்லே இருக்காது. பையனுக்குத் திரையில் "அளவில் எண் மட்டும் போடவும்" என்று வரும். "அடி"யை நீக்கிவிட்டு மறுபடி அழுத்துவான். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து ஐட்டமும் எழுதி முடித்த பிறகே "உறுதிசெய்". அதுவரை பக்கத்துக் கல்லாவின் கண்ணுக்கு இந்த பில் தெரியவே தெரியாது.

இங்கே ஒரு கிளைக்கதை. திரும்பப் பெற்றதும் 412 என்ற எண் மறுபடி கிடைக்காது. அடுத்த பில் 413. பெரும்பாலான தரவுத்தளங்கள் இந்த எண்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் தன் பரிவர்த்தனையை முடிக்கும் வரை மற்றவரை எண்ணுக்காகக் காத்திருக்க வைக்க முடியாது என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. தணிக்கையாளருக்கு இது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. ஜிஎஸ்டி விதிகளின்படி பில்லில் இருக்க வேண்டியது தொடர் வரிசை எண். ஆகவே தரவுத்தளத்தின் உள்ளெண்ணை பில் எண்ணாக அச்சடிக்காதீர்கள். பில் எண்ணுக்குத் தனிப் புலம் வையுங்கள். கடைசியாகப் போன எண்ணை ஒரு சிறு அட்டவணையில் வைத்து, அதே பரிவர்த்தனைக்குள் அந்த ஒரு பதிவை வேறு யாரும் தொடாதபடி பூட்டி, ஒன்று கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பில் திரும்பினால் எண்ணும் திரும்பிவிடும்.

சரி, பரிவர்த்தனை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு மொட்டை பில். நிரலை நூறு முறை படித்தேன். தொடங்கு இருக்கிறது, திரும்பப் பெறு இருக்கிறது. கடைசியில் பார்த்தால், அட்டவணைகள் மைஐசாம் என்ற பழைய வகை. மைஎஸ்க்யூஎல்லில் 2010இல் வந்த 5.5 பதிப்புக்கு முன்பு பொதுவாக அட்டவணைகள் அந்த வகையில்தான் உருவாகும். அதற்குப் பரிவர்த்தனையும் தெரியாது, ஃபாரின் கீயும் தெரியாது. ஆனால் இரண்டு கட்டளைகளையும் கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். பழைய கோப்பிலிருந்து அட்டவணைகளைப் படியெடுத்தவன் நான், வகையைப் பார்க்கவில்லை. இரண்டும் தெரிந்த இன்னோடிபி வகைக்கு மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு சொல்: அதில் பரிவர்த்தனை உண்டு, ஆனால் ஃபாரின் கீ சோதனையை ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தாயில்லாப் பிள்ளைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்.

இன்று யாரும் இதையெல்லாம் கையால் எழுதுவதில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். வலைச்செயலி எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கருவியில், 2009இல் வந்த 2.3 பதிப்பு முதல், தாய் வகுப்பில் (தாய்ப் பதிவுக்கான நிரல் பகுதியில்) ஒரே ஒரு வரி சேர்த்தால் சேய்களின் விவரங்களையும் தாய் வழியாகவே கொடுக்கலாம். தாயைச் சேமித்தால் சேய்களும் அதே பரிவர்த்தனைக்குள் சேமிக்கப்படும். ஜாவா உலகில் "கேஸ்கேட்" என்று குறித்துவிட்டால் தாயோடு சேய்கள் இழுத்துக்கொண்டு போகப்படும். ஜாங்கோ என்ற பைத்தான் கருவியில், சேய்களின் படிவங்களைத் தாயோடு தொகுத்துத் தரும் இன்லைன் ஃபார்ம்செட் இருக்கிறது. ஆனால் கவனம், தாய்க்கு ஒரு சேமிப்பு, சேய்களுக்கு ஒரு சேமிப்பு என்று இரண்டாக எழுதும்போது, "அடாமிக்" என்ற உறைக்குள் நீங்கள் போடாத வரை ஒவ்வொன்றும் அந்தந்த நொடியே உறுதியாகிவிடும். ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம் அந்த உறையைத் தானே போட்டுக்கொள்கிறது. அங்கே சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்திலும் அப்படியே ஓடும் என்று நம்பி ஏமாறுவது வழக்கம்.

என் கருத்து: ஒரு முறையாவது கையால் எழுதிப் பாருங்கள். கருவி எப்போது காலை வாரும் என்பது அப்போதுதான் பிடிபடும். அப்படிக் காலை வாரும் இடங்களில் இரண்டைச் சொல்கிறேன்.

சேமிக்கும் முறைகள் இரண்டு வகை. ஒன்று, முடியாவிட்டால் "இல்லை" என்று தலையை மட்டும் ஆட்டும். இன்னொன்று, கூச்சல் போடும். ரெயில்ஸில் ஆச்சரியக்குறி போட்ட "சேவ்" கூச்சல் ரகம், போடாதது தலையாட்டும் ரகம். பரிவர்த்தனை திரும்புவது கூச்சலைக் கேட்டால் மட்டுமே. உறைக்குள் தலையாட்டும் ரகத்தை வைத்துவிட்டு, விடையையும் பார்க்காமல் விட்டால், மூன்றாவது ஐட்டம் சேமிக்கப்படாமலே "உறுதிசெய்" போய்விடும். நான்கு ஐட்டத்தோடு பில் வரும். மொட்டை பில்லைவிட இது மோசம், ஏனென்றால் யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது, இணைப்பு. பரிவர்த்தனை என்பது ஒரு இணைப்பின் மீது நடப்பது. நோட் (சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது) போன்ற சூழல்களில் இணைப்புகள் ஒரு குளத்தில் கிடக்கும். தேவைப்படும்போது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தொடங்கியது ஓர் இணைப்பில், ஐட்டத்தை எழுதியது குளத்திலிருந்து வந்த வேறோர் இணைப்பில் என்றால், அந்த ஐட்டம் உங்கள் பரிவர்த்தனைக்கு வெளியே இருக்கிறது. தொடங்கும்போது கிடைத்த அதே இணைப்பை ஒவ்வொரு கட்டளைக்கும் கையோடு கொடுத்தாக வேண்டும்.

சரிபார்ப்பிலும் ஒரு முடிச்சு உண்டு. "பில் இல்லாமல் ஐட்டம் இருக்கக் கூடாது" என்று சேய் வகுப்பில் விதி எழுதுவோம், நல்ல விதி. ஆனால் சரிபார்ப்பு நடப்பது எழுதுவதற்கு முன்பு. அப்போது தாய்க்கு எண் இல்லை. "பில் எண் எங்கே?" என்று சேய் கேட்டால் புதிய பில் ஒன்றுகூடச் சேமிக்க முடியாது. எண்ணைக் கேட்காதே, ஆளைக் கேள் என்று எழுத வேண்டும். எண் பிறகு வரும். தாய் இப்போதே நினைவகத்தில் எதிரில் நிற்கிறாள். அதைச் சேய் அறிய வேண்டுமானால் உறவு இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தாயிடம் "இவை என் சேய்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேயிடம் "இவள் உன் தாய்" என்று சொல்லாமல் விட்டால் இந்தப் பிழை வரும். நிரல் சரி, தரவு சரி, ஆனாலும் சேமிக்க மறுக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி படிவத்தின் பக்கம் வருவோம். ஒரே படிவத்தில் ஐந்து ஐட்டம் எப்படி வந்து சேர்கிறது? ஒவ்வொரு கட்டத்தின் பெயரிலும் ஒரு வரிசை எண்ணைச் செருகுவார்கள்: ஐட்டம் 0 பொருள், ஐட்டம் 0 அளவு, ஐட்டம் 1 பொருள் என்று. சேவையகம் அதைப் பிரித்துப் பட்டியலாக்கிக்கொள்ளும். கீழே எப்போதும் ஒன்றிரண்டு வெற்று வரிகள் இருக்கும்; எல்லாக் கட்டமும் காலியாக இருக்கும் வரியைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் "பொருளின் பெயர் இல்லை" என்று ஒவ்வொரு பில்லும் முரண்டு பிடிக்கும்.

பில்லைத் திருத்தும்போதுதான் வேலை கூடுகிறது. இருந்த வரியின் விலை மாறியிருக்கலாம், புது வரி வந்திருக்கலாம், ஒரு வரி போயிருக்கலாம். பழைய வரியென்றால் அதன் எண்ணும் மறைவாகப் படிவத்தில் வர வேண்டும், புது வரிக்கு எண் இருக்காது, நீக்க வேண்டியதற்கு ஓர் அடையாளம். சிலர் இந்த வம்பே வேண்டாமென்று எல்லாச் சேய்களையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். சின்னச் செயலிக்கு அது போதும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் "இந்த ஐட்டம் திரும்பி வந்தது" என்று வேறோர் அட்டவணை அந்த வரியின் எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால், அழித்தெழுதிய நாளே அது அநாதையாகும்.

மறைவாக வரும் எண்ணை நம்பக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மறைவு என்பது கண்ணுக்குத்தான். உலாவியில் யாரும் அதை மாற்றி அனுப்பலாம். 2012 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடந்தது இதேதான். பயனர் தாய், அவர் உள்நுழையப் பயன்படுத்தும் பொதுச்சாவி சேய். சாவியைப் புதுப்பிக்கும் படிவத்தோடு ஒருவர் வேறொரு பயனரின் எண்ணையும் ஒட்டி அனுப்பினார். சேவையகம் மறுபேச்சு பேசாமல் எழுதிக்கொண்டது. அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவின் பக்கம் போய்ச் சேர, ரெயில்ஸின் சொந்த நிரல் களஞ்சியத்திலேயே அவரால் எழுத முடிந்தது. சேயின் தாய் யார் என்பதைப் படிவம் தீர்மானிக்க விட்டதுதான் ஓட்டை. அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4இல், எந்தெந்தப் புலங்களை உள்ளே விடலாம் என்று பட்டியல் கொடுக்காமல் படிவத்தை அப்படியே பதிவில் கொட்ட முடியாதபடி செய்துவிட்டார்கள். எந்தக் கருவியில் எழுதினாலும் பழக்கம் ஒன்றே: முதலில் தாயைத் தேடுங்கள், அதுவும் இந்தப் பயனருக்கு உரிய தாய்களுக்குள், பிறகு சேயை அந்தத் தாயின் சேய்களுக்குள் மட்டும் தேடுங்கள். இல்லையென்றால் இல்லைதான்.

திரும்பப் பெற முடியாத வேலைகளைப் பரிவர்த்தனைக்குள் வைக்காதீர்கள். வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போய்விட்ட பிறகு பில் திரும்பினால், இல்லாத பில்லுக்கு அவர் பணம் கொண்டுவந்து நிற்பார். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், அச்சு எல்லாம் "உறுதிசெய்" முடிந்த பிறகு. நீண்ட நேரம் பிடிக்கும் வேலையும் உள்ளே வேண்டாம். பில் எண்ணுக்காகப் பூட்டிய பதிவைப் பக்கத்துக் கல்லா எதிர்பார்த்து நிற்கும்.

கடைசியாக, இதைச் சோதிக்கும் முறை. எல்லாம் சரியாக இருக்கும் பில்லைப் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டு அட்டவணையிலும் எத்தனை பதிவுகள் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து ஐட்டத்தோடு ஒரு பில் எழுதி, நான்காவது ஐட்டத்தில் வேண்டுமென்றே கெட்ட மதிப்பைப் போடுங்கள். உங்கள் சரிபார்ப்பு அதை முன்கூட்டியே பிடித்துவிட்டால் சரிபார்ப்பைச் சற்று அணைத்துவையுங்கள். தரவுத்தளமே மறுக்க வேண்டும். "சேமி"யை அழுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் மாறாமல் இருக்க வேண்டும். அந்தக் கடைக்கு நான் எழுதிய சோதனையில் நான்காவது ஐட்டத்தின் அளவு இன்றும் "20 அடி"தான்.